பாட்டு வாத்தியாருக்குப் பட்டம் எதற்கு?

இசைக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகளிடம், பாட்டு வாத்தியாராகத்தான் போகப்போகிறாய் என்றால் எதற்கு மூன்று வருடப் பட்டம் என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசையும் இறைவணக்கப் பாடலும் ஆண்டு விழாவுக்கு ஒரு குழுப்பாட்டும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தால் போதாதா என்பது அவர்களுடைய எண்ணம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் மேல்நிலை முடித்து, தொழிலாசிரியர் சான்றிதழும் வாங்கிவிட்டால் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குள் வீட்டிலேயே நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வகுப்பும் எடுக்கலாம். பணத்தைக் கணக்குப் பார்த்து வாழும் குடும்பம் இப்படி யோசிப்பதில் பிழை இல்லை. ஆனால் இந்த யோசனைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தொடக்கநிலை மாணவருக்குக் கற்பிக்கத் தொடக்கநிலை அறிவே போதும் என்ற அந்த நம்பிக்கை தவறானது என்பதே என் வாதம். பள்ளியில் இசை கற்பிக்க நினைப்பவர் முதலில் இசைப் படிப்பை முழுமையாக முடித்துவிட்டு, அதன் பிறகு கற்பித்தல் பயிற்சிக்குப் போக வேண்டும். இதைப் பாடுபவரின் கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகச் சொல்கிறேன்.

கர்நாடக இசையைப் படிக்கும் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், ஜதிஸ்வரம், வர்ணம், பிறகு கிருதி. இதுவரை மாணவர் செய்வது பெரும்பாலும் கேட்டதைத் திருப்பிப் பாடுவது. ஆசிரியரின் பாடாந்தரம் மாணவரின் பாடாந்தரமாகிறது. அதற்கு அப்பால் வருவது மனோதர்மம்: ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம். ஒரு ராகத்தின் எந்தப் பிடி அதன் உயிர், எந்த ஸ்வரத்தில் நின்றால் ராகம் துலங்கும், எங்கே நின்றால் இன்னொரு ராகத்தின் நிழல் விழும் என்பதெல்லாம் அங்கேதான் புரியவருகிறது. காம்போதிக்கும் அதன் தாய் ராகமான ஹரிகாம்போதிக்கும் உள்ள வேறுபாட்டை ஆரோகண அவரோகணமாக ஒப்பிக்க முதல் வருட மாணவராலும் முடியும். அந்த வேறுபாட்டைக் காதால் உணர்ந்து குரலால் காட்டப் பல வருடச் சாதகம் வேண்டும். பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில்தான் பலருக்கு இந்தத் திருப்பம் நேர்கிறது. அதுவரை தனித்தனியாக மனப்பாடம் செய்த பாடல்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. லட்சணப் பாடத்தில் எழுதியது சாதகத்தில் கேட்கிறது. அந்தக் கட்டத்துக்கு முன்பே விட்டுவிட்டு ஆசிரியராகிறவரிடம் பாடல்கள் இருக்கும், ஆனால் அந்தப் பாடல்கள் எப்படி உருவாயின என்ற அறிவு இருக்காது. மாணவர் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டால், தான் கற்ற பாடலை மீண்டும் ஒருமுறை பாடிக் காட்டுவது மட்டுமே அவரால் முடியும்.

இதற்கு மிக எளிய பாடத்தையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். தொடக்கப் பயிற்சிகளை வகுத்தவர் புரந்தரதாசர் என்று மரபு சொல்கிறது. அவை இன்றும் மாயாமாளவகௌளையில்தான் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. ஏன் அந்த ராகம்? ஷட்ஜத்திலிருந்து மத்தியமம் வரையுள்ள நான்கு ஸ்வரங்களின் இடைவெளியும், பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள நான்கின் இடைவெளியும் அதில் ஒன்றே. கீழ்ப்பாதியைப் பிடித்த தொண்டை மேல்பாதியையும் பிடித்துவிடும். ஷட்ஜமும் ரிஷபமும் அடுத்தடுத்த ஸ்வரஸ்தானங்களில் நெருங்கி நிற்க, ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே பெரிய தாவல் இருக்கிறது. நெருக்கத்தையும் தூரத்தையும் பிள்ளை ஒரே மூச்சில் பழகிக்கொள்கிறது. இந்தக் காரணம் தெரிந்த ஆசிரியரால் அதை மாற்றவும் முடியும். வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும் கிடைக்கிற, வீட்டில் சாதகம் செய்ய வழியில்லாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுத்த ரிஷபம் எட்டாமல் போகலாம். அப்போது அதேபோல் இரு பாதிகளும் ஒத்திருக்கும் சங்கராபரணத்துக்குப் போகலாமா, அல்லது ஐந்தே ஸ்வரமுள்ள மோகனத்தில் தொடங்கலாமா என்று அவர் யோசிப்பார். மோகனத்தைத் தேர்ந்தால், 1988-ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டைப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள் என்பதும், அந்தப் பாட்டின் தொடக்கத்துக்குப் பின்னால் பூச்சி சீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணம் நிற்கிறது என்பதும் அவருக்குக் கைகொடுக்கும். காரணம் தெரியாத ஆசிரியருக்கு இந்த வழிகளில் ஒன்றும் திறக்காது. தனக்குச் சொல்லிக்கொடுத்த முறையிலேயே அவரும் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைக்கு வரவில்லையென்றால் பிள்ளைக்கு ஞானம் இல்லை என்பார்.

"உனக்குப் பாட்டு வராது" என்று பள்ளியில் ஒருமுறை கேட்ட பிள்ளை வாழ்நாள் முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிடக் கூடும். அதனால்தான் பள்ளி இசை ஆசிரியரின் காதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனிவகுப்புக்கு வரும் மாணவர் இசையில் ஆர்வத்தோடு வருகிறார். பள்ளியிலோ நாற்பது பிள்ளைகளும் வந்தாக வேண்டும். அந்த நாற்பதில் ஒரு குரல் சுருதி விலகினால், அந்தப் பிள்ளைக்குச் சுருதி கேட்கவில்லையா, கேட்டும் தொண்டை ஒத்துழைக்கவில்லையா, வைத்த சுருதியே அதற்குப் பொருந்தவில்லையா, பக்கத்துப் பிள்ளையின் குரல் இழுத்துக்கொண்டு போகிறதா என்று ஆசிரியர் அந்த நொடியே கண்டறிய வேண்டும். தனக்கு வாகான கட்டையில் சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு அதையே வகுப்பின் சுருதியாக்கினால், சில பிள்ளைகளுக்குக் கீழே குரல் அடைத்துக்கொள்ளும், சிலருக்கு மேலே கத்தலாகும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடையும் காலம் அது. அவர்களை ஒதுக்கிவைக்காமல், எட்டும் நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே அவர்களுக்கென்று ஒரு பகுதியை அமைத்துக்கொடுக்கும் திறமை வேண்டும். பல பள்ளிகளில் இன்று கீபோர்டுதான் கையில் கிடைக்கும் வாத்தியம். அதன் கட்டைகள் எந்த இடத்தில் நம் கமகங்களைக் கைவிடுகின்றன என்று தெரியாதவர், பிள்ளைகளின் காதையும் அந்தக் கட்டைகளுக்கே பழக்கிவிடுவார். பள்ளி இசை ஆசிரியர் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். தமிழ்ப் பாடநூலில் வரும் செய்யுளுக்கு, அந்த வகுப்பின் குரலுக்கும் செய்யுளின் சந்தத்துக்கும் பொருந்த அவரே மெட்டமைக்க வேண்டும். கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடுவதற்காகக் கற்ற மனோதர்மம் பள்ளியில் பயன்படுவது இப்படித்தான். வர்ணத்தோடு படிப்பை நிறுத்தியவரிடம் இதை எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை.

இந்த மண்ணில் இசைக் கல்வி நிறுவனங்களைக் கட்டியவர்கள் இதை உணர்ந்தே செயல்பட்டார்கள். 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வந்தது; பின்னர் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. 1928-ல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி, மூன்றே ஆண்டுகளில், அதாவது 1931-ல், இசை ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் திறந்தது. டைகர் வரதாச்சாரியார் போன்ற பெரும் வித்துவான் அதன் முதல்வராக அமர்ந்தார். இன்று கச்சேரிகளுக்காகவே பலரும் அறிந்த ஒரு சபை, ஆசிரியர்களை உருவாக்குவதைத் தன் முதல் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டதும், அதற்குச் சாதாரணப் பயிற்றுநரை அல்லாமல் மகா வித்துவானைத் தேடியதும் இன்றைய நமக்கு ஒரு செய்தி. 1949-ல் சென்னையில் அரசு நிறுவிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வரானார். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி, இசையைக் கற்பிப்பது எப்படி என்பதற்கே தனி நூல் எழுதினார். முழுமையாகக் கற்ற இசைவாணர்தான் ஆசிரியராக வேண்டும், ஆனால் ஆசிரியர் பணிக்குத் தனிப் படிப்பும் தேவை என்ற இரண்டையும் அந்தத் தலைமுறை ஒன்றாகவே வைத்துப் பார்த்தது. பின்னாளில் நாம்தான் இரண்டையும் பிரித்துவிட்டு, முதலாவதைக் கச்சேரி மேடைக்கும் மீந்ததைப் பள்ளிக்கும் ஒதுக்கினோம்.

வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டுமென்றால் ஹங்கேரி நாட்டின் சோல்டான் கொடாயைப் பார்க்கலாம். இசையமைப்பாளராக உலகப் புகழ் பெற்ற அவர், புடாபெஸ்டில் முதலில் இசையமைப்பில் பட்டயம் பெற்றார். 1905-ல் ஆசிரியர் பட்டயம் பெற்றார். 1906-ல் ஹங்கேரிய நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பதை அவர் தாழ்ந்த வேலையாக எண்ணவில்லை. தலைநகரின் ஆப்பரா அரங்குக்கு யார் தலைவர் என்பதைவிட, ஒரு சின்ன ஊரில் பாட்டு வாத்தியார் யார் என்பதே முக்கியம் என்ற கருத்தை 1929-லேயே எழுதினார். அரங்கின் தலைவர் மோசமானவரென்றால் மாற்றிவிடலாம்; மோசமான ஆசிரியர் வருடா வருடம் ஒரு தலைமுறையின் இசை ஆசையை அழித்துக்கொண்டே இருப்பார் என்பது அவர் சொன்ன காரணம். 1950-ல் அவருடைய பிறந்த ஊரான கெச்கெமேட்டில், பிள்ளைகள் தினமும் பாடும் முதல் இசைத் தொடக்கப்பள்ளி வந்தது. அந்த முறையில் குழந்தைகள் முதலில் பழகும் இடைவெளி, நம் கணக்கில் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவது. மோகனத்தில் இயல்பாக வாழும் இடைவெளி அது. அங்கே இவ்வளவு எளிய தொடக்கத்தை வகுத்தவர், இசையில் அந்நாட்டிலேயே மிக அதிகம் படித்தவர்களில் ஒருவர். தொடக்கப் பாடம் அவ்வளவு எளிமையாக அமைந்ததே அந்தப் படிப்பினால்தான் என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் இதை ஏற்கும் ஒரு விதி இருக்கிறது. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்கான இசை ஆசிரியர் பணிக்கு இசையில் இளநிலைப் பட்டம் கேட்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க முழுப் பட்டம் வேண்டும் என்பது அங்கே நியமனத் தகுதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மற்ற பெரும்பாலான பள்ளிகளின் நிலை வேறு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படித்தால் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை வைக்கச் சொல்கிறது. 'பகுதிநேரம்' என்ற தகுதிக்குறைவு சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதன்படி 2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அதன் பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். அவர்களில் இசையை முழுமையாகக் கற்றவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் வந்தவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே கூலி. ஆழமாகப் படித்ததற்கு எந்த மதிப்பும் தராத ஓர் ஏற்பாடு, ஆழமாகப் படிக்காதே என்றுதான் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் முதலாவது, நன்றாகப் பாடுகிறவர்கள் எல்லோரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது. இது முழு உண்மை. மேடையில் கொடிகட்டிப் பறக்கும் வித்துவான்கள் பலரால் ஒரு குழந்தையின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. தங்களுக்கு எளிதாக வந்தது இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்பதே அவர்களுக்குப் புரியாது. பட்டம் முடித்தவரை அப்படியே வகுப்பில் கொண்டுபோய் விட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. பட்டத்துக்குப் பிறகு கற்பித்தல் பயிற்சி கட்டாயம் வேண்டும். நான் வற்புறுத்துவது அந்த வரிசையை. இங்கிலாந்தில் மேல்நிலைப் பள்ளிகளின் இசை ஆசிரியர்களில் பலர் வரும் வழி இதுதான்: மூன்று வருடம் இசைப் பட்டம், பிறகு ஒரு வருடம் ஆசிரியர் பயிற்சி. இசையை முழுதாக அறிந்தவருக்கு வகுப்பைக் கையாளும் முறையை ஓரிரு ஆண்டில் கற்றுக்கொடுக்கலாம். வகுப்பைக் கையாளத் தெரிந்தவருக்கு, பணியில் சேர்ந்த பிறகு மாலை நேரத்திலும் விடுமுறையிலும் இசையை முழுதாகக் கற்றுக்கொடுக்க முடியாது. காதும் குரலும் பழகுவதற்கு இடைவிடாத சாதகம் தேவை. அதற்கான நேரத்தை இளமையில் கல்லூரி மட்டும்தான் தருகிறது.

அப்படியென்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை எல்லா ஆசிரியர்களுக்கும் இந்தத் திசையைத்தான் காட்டுகிறது. கணக்கு, வரலாறு போன்ற பாடங்களுக்கு இது எப்படி என்று அந்தந்தத் துறையினர் சொல்லட்டும். இசைக்கு இதில் எனக்கு ஐயம் உண்டு. காலையில் அகார சாதகம், பிறகு பாட்டு வகுப்பு, மாலையில் கேட்டதைத் திரும்பப் பாடிப் பார்ப்பது, இரவில் கச்சேரி கேட்பது என்று நாள் முழுவதும் ஓடுவது இசைப் படிப்பு. அதற்குள் கல்வி உளவியலையும் பாடத்திட்டக் குறிப்பேட்டையும் கற்பித்தல் பயிற்சி வாரங்களையும் முதல் ஆண்டிலிருந்தே நுழைத்தால், முதலில் குறைவது சாதகம்தான். ஏனென்றால் சாதகத்துக்கு வருகைப் பதிவேடு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. மூன்றாம் ஆண்டில் வர வேண்டிய அந்தத் திருப்பம் வராமலே படிப்பு முடிந்துவிடும். ஒருங்கிணைந்த படிப்பைத் தொடங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கற்பித்தல் பாடங்கள் கடைசிப் பகுதியில் வரட்டும். முதல் இரண்டரை ஆண்டு இசைக்கே இருக்கட்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பட்டத்தைத் தகுதியாக்கினால், கல்லூரி வாசலை மிதிக்காமல் தகப்பனிடமும் குருவிடமும் கற்ற நாகஸ்வர, தவில் கலைஞர்களும், ஓதுவார்களும், பறை, கரகம், கும்மிக் கலைஞர்களும் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட மாட்டார்களா? இந்த மண்ணின் இசையைச் சுமந்துவந்தவர்களை ஒரு காகிதத்தால் அடைத்துவிடுவது பெரும் அநியாயம். அப்படி ஒரு விதி வந்தால் அதை எதிர்ப்பவர்களோடு நானும் நிற்பேன். ஆனால் அந்தக் கலைஞர்களின் படிப்பை உற்றுப் பாருங்கள். நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை பத்து வருடத்துக்கு மேல் குருவிடம் கிடந்து ராகம் வாசிக்கும் நிலைக்கு வருகிறது. அது எந்தப் பட்டத்தைவிடவும் முழுமையான படிப்பு. முழுமை வேண்டும் என்பதுதான் என் வாதம். அந்த முழுமைக்குக் குருகுலமும் ஒரு வழி, பட்டம் இன்னொரு வழி. குருகுலத்தில் கற்றவருக்கு, இசை வல்லுநர் குழு நேரில் கேட்டுத் தகுதிச் சான்று தர வேண்டும். அரசு அதற்கு வேர் ஒன்றை ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17 இருக்கின்றன. அங்கே குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு நாகஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. இந்த மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தாலே சேரலாம். அங்கே மூன்று வருடச் சான்றிதழ் முடித்தவர் பட்டத்துக்கும், அதன் பிறகு ஆசிரியர் பயிற்சிக்கும் தடையில்லாமல் ஏறிப்போகும் பாதையை ஒழுங்குபடுத்தினால், தகுதி என்ற சொல் யாரையும் விலக்காது. பள்ளியின் வாசலில் தடையாக நிற்பது அரைகுறைச் சான்றிதழை மட்டுமே பார்க்கும் இன்றைய நடைமுறை. அதில் குருகுலக் கலைஞருக்கும் இடமில்லை, இசைப் பட்டதாரிக்கும் மதிப்பில்லை.

மூன்றாவதாக வருவது பணம். மூன்று வருடம் பட்டம், இரண்டு வருடம் பயிற்சி, ஆக ஐந்து வருடம் படித்துவிட்டு வேலை எங்கே என்று கேட்டால், இன்றைய தமிழ்நாட்டில் நேர்மையான பதில் சங்கடமானது. பணியிடங்கள் குறைவு, காலியானாலும் நிரப்பும் வேகம் குறைவு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளையிடம் போய் "கலைக்காக ஐந்து வருடம் காத்திரு" என்று அறிவுரை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தச் சங்கடம் பட்டத்தால் வந்ததல்ல. பள்ளியில் இசைக்கு இடமில்லாததால் வந்தது. இலங்கையைப் பாருங்கள். அங்கே ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை அழகியற் பாடம் ஒன்றை எல்லா மாணவர்களும் படிக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் அதில் ஒன்று. சாதாரண தரம், உயர்தரம் வரை அதைத் தேர்வுப் பாடமாகத் தொடரலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவிலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இசைப் பட்டம் பெறுகிறவர்களுக்கு இதனால் பள்ளிதான் இயல்பான பணியிடம். போரும் பொருளாதார நெருக்கடியும் அந்த நாட்டைப் பிழிந்தெடுத்தன. நியமனம் கேட்டுப் பட்டதாரிகள் தெருவில் நின்றதும் உண்டு. ஆனாலும் பாடத்திட்டத்தில் இசையின் நாற்காலி அகற்றப்படவில்லை. அங்கேயும் உயர்தரம் முடித்த கையோடு கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சி பெற்று ஆசிரியராகும் குறுகிய பாதை உண்டு. அந்தப் பாதையில் வந்தவர்களும் உழைக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் உயர்தரத்துக்குச் சங்கீதம் கற்பிக்க வேண்டுமென்றால் பட்டத்தின் ஆழம் வேண்டும். அங்கே அந்த ஆழத்துக்குப் போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறது என்பதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு.

பள்ளியில் இசைக்கு இடம் கேட்பது நம் நாட்டிலும் புதிய கோரிக்கை அல்ல. 2005-ன் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, கலைக் கல்வி பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாடவேளை வந்தால் பணியிடம் வரும், பணியிடம் வந்தால் பட்டத்துக்குப் பொருள் வரும். ஆகவே பட்டம் வீண் என்ற முடிவுக்கு வரும் பெற்றோரைக் குறை சொல்வதைவிட, அவர்களுடைய கணக்கை மாற்றும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். இசைப் பட்டத்தோடு கற்பித்தல் பயிற்சியும் முடித்தவரை மற்ற பட்டதாரி ஆசிரியருக்கு நிகரான ஊதியத்தில் முழுநேரமாக நியமிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு முழு வேலை இல்லையென்றால் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு பணியிடமாக்கலாம். இசையைக் கற்பித்தல் முறைப் பாடமாக எடுத்துப் படிக்கும் பி.எட். இடங்களையும் பெருக்க வேண்டும்.

இசைக் கல்லூரிகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளும் 2013-ல் அமைந்த இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும், தங்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் மேடைக்கு அல்ல, ஏதோ ஒரு வகையில் கற்பித்தலுக்குத்தான் போகப்போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு பாடத்திட்டத்தை எழுத வேண்டும். குழந்தைகளின் குரல் வளர்ச்சி, மகரக்கட்டுக் காலத்தில் குரலைக் காப்பது, கூட்டாகப் பாடும் வகுப்புக்குப் பாடல் அமைப்பது, அந்தந்த வட்டாரத்தின் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் கும்மியையும் சேகரித்து வகுப்புக்குக் கொண்டுவருவது ஆகியவற்றுக்கு மூன்றாம் ஆண்டில் இடம் வேண்டும். கடைசி அரையாண்டில் ஒவ்வொரு மாணவரும் அருகிலுள்ள அரசுப் பள்ளி வகுப்பில் சில வாரங்கள் உட்கார்ந்து பார்த்துவர வேண்டும். இது இசையைக் குறைப்பதாகாது, தான் கற்ற இசை எந்தக் காதுகளுக்குப் போகப்போகிறது என்று அவர் முன்கூட்டியே அறிந்துகொள்வதாகும்.

இப்போது இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைபேசி வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் வாய்ப்பு பலரைத் தேடி வருகிறது. தனியார் பள்ளிகளும் குறைந்த சம்பளத்துக்கு, பட்டம் முடியும் முன்பே கூப்பிடுகின்றன. வீட்டு நெருக்கடி அப்படியிருந்தால் மாலையில் ஓரிரு வகுப்பு எடுப்பதில் குற்றமில்லை. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தன் பாடம் தெளிவதும் உண்மை. ஆனால் அந்த வருமானத்தை நம்பிக் கல்லூரியை விட்டுவிடாதீர்கள். கடைசி ஆண்டில் உங்கள் ஆசிரியரோடு அமர்ந்து ஒரு ராகத்தை அரைமணி நேரம் பாடிப் பார்க்கும் வாய்ப்பு, வேலையில் சேர்ந்த பிறகு எந்த ஊதியம் கொடுத்தாலும் திரும்பக் கிடைப்பது கடினம். பின்னால் முப்பது வருடம் நீங்கள் வகுப்பில் நிற்கப்போகிறீர்கள். அந்த முப்பது வருடமும் பாடம் அதேதான், பிள்ளைகள்தான் புதியவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ப அதே பாடத்தை ஒவ்வொரு வருடமும் வேறாக அமைக்கும் திறமையை மூன்றாம் ஆண்டுக்குள் நீங்கள் பெற்றாக வேண்டும்.